ஏசி பிரஷர் சென்சர் பொய் சொல்கிறதா? அறிகுறியை வைத்துச் சோதிக்கும் முறை

கார் ஏசி குளிரவில்லை, ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு பேசும் கருவி) போட்டுப் பார்த்தால் பிரஷர் சென்சர் என்று எரர் கோட் வருகிறது, உடனே சென்சரை மாற்றிவிடுகிறோம், இரண்டு நாளில் அதே கோட் மறுபடி வந்து நிற்கிறது. இதை என் காரிலேயே நடத்திப் பார்த்தவன் நான். புதுச் சென்சர் போட்ட பிறகுதான் கனெக்டரைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன், ஒரு பின் பச்சை பூத்து உள்ளே தள்ளிப்போய்க் கிடந்தது. பழைய சென்சரில் ஒரு குறையும் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நொந்த கதைதான்.

அதனால் ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சென்சர் விஷயத்தில் மூன்று எண்கள் இருக்கின்றன: கேஜில் (ஏசி குழாயில் மாட்டும் அழுத்தமானி) தெரியும் உண்மையான அழுத்தம், சென்சர் ஒயரில் வரும் வோல்ட், ஸ்கேனரில் தெரியும் அழுத்தம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் சென்சர் நல்லது, பிரச்சனை கேஸிலோ ஃபேனிலோ வேறெங்கோ. கேஜும் வோல்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் சென்சரையோ அதற்கு வரும் 5 வோல்ட், எர்த் இரண்டையுமோ சந்தேகப்படலாம். வோல்ட்டும் ஸ்கேனரும் ஒத்துப்போகாவிட்டால் ஒயர் அல்லது ஈசியூ, அதாவது வண்டியின் கணினி. கீழே வருவதெல்லாம் இந்த மூன்றை எப்படி எடுப்பது, எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்பதுதான்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது?

கண்டன்சரிலிருந்து (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) காபினுக்குப் போகும் மெல்லிய குழாயிலோ, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் பாட்டிலின் தலையிலோ, கண்டன்சரின் ஓரத்திலோ இது திருகப்பட்டிருக்கும். எத்தனை ஒயர் என்று எண்ணுங்கள்.

இரண்டு ஒயர் என்றால் அது பெரும்பாலும் வெறும் சுவிட்ச். அழுத்தம் மிகக் குறைந்தாலும் மிக ஏறினாலும் தொடர்பை அறுத்துவிடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நான்கு ஒயர் என்றால் பல வண்டிகளில் அது ஒரே உடலில் இரண்டு சுவிட்ச்: ஒரு ஜோடி கம்ப்ரசரைக் காப்பாற்ற, இன்னொரு ஜோடி ஃபேனை வேகமாக ஓடச்சொல்ல. மூன்று ஒயர் என்றால்தான் அது நிஜமான சென்சர். ஒன்றில் ஈசியூ 5 வோல்ட் அனுப்பும், ஒன்று எர்த், மூன்றாவதில் அழுத்தத்துக்கு ஏற்ற வோல்ட் திரும்பிப் போகும். பெரும்பாலும் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகள் உட்படச் சில ஐரோப்பிய வண்டிகளில் மூன்றாவது ஒயரில் வருவது நேரான வோல்ட் கிடையாது, விட்டு விட்டுத் துடிக்கும் சதுர அலை. அழுத்தம் ஏற ஏறத் துடிப்பின் அகலம் மாறும். அதில் சாதாரண மல்டிமீட்டர் வைத்தால் ஏதோ ஒரு சராசரி எண்ணைக் காட்டும், அதை வைத்து முடிவெடுத்தால் நல்ல சென்சரைக் குப்பையில் போடுவீர்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் லின் என்ற டேட்டா லைன் வழியாகவே தகவல் போகிறது. அங்கே மீட்டருக்கு வேலை இல்லை, ஸ்கேனர்தான். ஆகவே கையில் மீட்டர் எடுப்பதற்கு முன் வண்டியின் ஒயரிங் படத்தைப் பாருங்கள்.

மூன்று ஒயர் சென்சரின் பின்களை ஓம் வைத்து அளப்பதில் பயனில்லை, உள்ளே ஒரு சின்ன எலெக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது. நல்லதும் கெட்டதும் ஏதோ ஒரு எண் காட்டும். ஓம் சோதனை சுவிட்ச் வகைக்கு மட்டும்தான்.

கையை வைப்பதற்கு முன்

கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ஏசி குழாய்க்குள் சுற்றும் ஆர்134ஏ கேஸ் வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் சரக்கு, விரலில் பட்டால் தோல் உறைந்துபோகும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். புதிய வண்டிகளில் வரும் ஆர்1234ஒய்எஃப் லேசாகத் தீப்பிடிக்கும் தன்மையும் உள்ளது, பக்கத்தில் சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது. எலெக்ட்ரிக் அல்லது ஹைபிரிட் வண்டி என்றால் கம்ப்ரசருக்கு ஆரஞ்சு நிற ஒயர் போகும், அது உயிர் வாங்கும் மின்சாரம், அந்தப் பக்கம் உங்கள் மீட்டரைக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று, இதை நான் தனியாகவே சொல்கிறேன். இரண்டு ஒயர் சுவிட்சை ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பார்க்கும் பழைய பழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு, அது சரி. அதே கையோடு மூன்று ஒயர் சென்சரின் கனெக்டரிலும் இணைத்துவிடக் கூடாது. 5 வோல்ட்டும் எர்த்தும் தொட்டுவிட்டால், அதே 5 வோல்ட்டில் தொங்கும் மற்ற சென்சர்களும் சேர்ந்து படுத்துவிடும். சில வண்டிகளில் இன்ஜின் அங்கேயே நின்றுபோகும், சிலவற்றில் ஸ்டார்ட்டே ஆகாது, ஏசி பார்க்க வந்த இடத்தில் வண்டியையே தள்ளிக்கொண்டு போக வேண்டிவரும்.

அடிப்படைச் சோதனை: வண்டி ஓய்வில் இருக்கும்போது

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். வண்டியை நிழலில் சில மணி நேரம் நிறுத்திவிடுங்கள், இரவு முழுக்க நின்றிருந்தால் இன்னும் நல்லது. இன்ஜின் அறையும் வெளிக்காற்றும் ஒரே சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். அந்த நிலையில் குழாய்க்குள் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும், அப்போது அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. ஆர்134ஏ என்றால் 20 டிகிரி செல்சியஸில் கேஜில் சுமார் 4.7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), 25ல் 5.6, 30ல் 6.7, 35ல் 7.9, 40ல் 9.2. பிஎஸ்ஐ கேஜ் வைத்திருப்பவர்களுக்கு 25 டிகிரியில் 82, 30ல் 97, 35ல் 114 அளவுக்கு வரும். ஆர்1234ஒய்எஃப் இந்தச் சூட்டில் ஏறக்குறைய இதே எண்களைக் காட்டும், கொஞ்சம்தான் வித்தியாசம்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. 30 டிகிரியில் 6.7 பார் காட்டுகிறது, ஆகவே கேஸ் முழுசாக இருக்கிறது என்று முடிவெடுக்கக் கூடாது. ஒரு சொட்டுத் திரவம் மிச்சமிருந்தாலும் அதே 6.7தான் காட்டும். பாதி கேஸ் போன வண்டியும் ஓய்வில் சமர்த்தாக நிற்கும். இந்த எண் கேஸ் அளவைச் சொல்லாது, ஆனால் சென்சர் ஒழுங்காகப் படிக்கிறதா என்று சொல்லும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

இப்போது சாவியை ஆன் செய்து, இன்ஜினைக் கிளப்பாமல் ஸ்கேனரில் ஏசி அழுத்தத்தைப் பாருங்கள். கேஜ் 6.7, ஸ்கேனர் 6.5 அல்லது 7 என்றால் இந்த அழுத்தத்தில் சென்சரும் ஒயரும் ஈசியூவும் ஒழுங்கு. ஸ்கேனர் 7.7 என்று சரியாக ஒரு பார் அதிகம் காட்டினால் பதறாதீர்கள். சில ஸ்கேனர்கள் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லும், கேஜ் அதைக் கழித்துச் சொல்லும். இந்த ஒரு பார் வித்தியாசத்தை நம்பிச் சென்சர் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

கேஜ் இல்லாதவர்கள்கூட, வெளி வெப்பத்தை மட்டும் தெரிந்துகொண்டு மேலே உள்ள எண்களோடு ஸ்கேனரை ஒப்பிடலாம். நூற்றுக்கு நூறு இல்லாவிட்டாலும் சென்சர் பேத்துகிறதா என்று தெரிந்துபோகும்.

அப்புறம் வோல்ட். கனெக்டரைக் கழற்றாமல், பின்புறம் ஒயர் நுழையும் ரப்பர் ஓரமாக மெல்லிய ஊசியை உள்ளே விட்டு சிக்னல் ஒயரைத் தொடுங்கள். ஒயரின் தோலைக் குத்திக் கிழிக்க வேண்டாம், அந்த ஓட்டையில் தண்ணீர் புகுந்து ஆறு மாதத்தில் இன்னொரு பிரச்சனையாகத் திரும்பிவரும். எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் அட்டவணை இருக்கும். கணக்கு எளிது. உதாரணமாக உங்கள் சென்சர் 0 பாருக்கு 0.5 வோல்ட், 30 பாருக்கு 4.5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 30 பாருக்கு நடுவே 4 வோல்ட் பரவியிருக்கிறது. 6.7ஐ 30ஆல் வகுத்து 4ஆல் பெருக்கி அரையைக் கூட்டினால் ஏறக்குறைய 1.4 வோல்ட். அந்த அளவுக்கு வந்தால் போதும், நூறில் ஒரு பங்கு வோல்ட்டுக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

அறிகுறி: ஏசி பட்டனை அழுத்தினால் கம்ப்ரசர் பிடிக்கவே இல்லை

கிளட்ச் உள்ள கம்ப்ரசர் என்றால் டக் என்ற சத்தம் வர வேண்டும், வரவில்லை. கிளட்ச் இல்லாத வகை என்றால் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதில் கப்பி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே ஏசி போட்டதும் ஸ்கேனரில் அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஃபியூஸ், ரிலே பார்த்தாகிவிட்டதா? அதை முதலில் முடித்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

ஸ்கேனரில் அழுத்தம் பூஜ்யம் அல்லது பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் கேஜை மாட்டுங்கள். கேஜும் பூஜ்யம் சொன்னால் கேஸ் போய்விட்டது, சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது, எங்கே கசிகிறது என்று தேடுங்கள். ஏறத்தாழ 2 பாருக்குக் கீழே போனால் பெரும்பாலான வண்டிகள் கம்ப்ரசரை விடாது. கேஸோடு சேர்ந்துதான் ஆயில் சுற்றுகிறது, கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் வறண்டு தேய்ந்துவிடும், அதற்காகத்தான் இந்தத் தடை.

கேஜ் 7 பார் காட்டுகிறது, ஸ்கேனர் மட்டும் பூஜ்யம் என்றால் கனெக்டரைக் கழற்றிச் சாவியை ஆன் செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு ஒயர் பேட்டரி மைனஸில். ஒரு பின்னில் 5 வோல்ட் வர வேண்டும், 4.8லிருந்து 5.2 வரை இருந்தால் சரி. வந்தால் அடுத்தது எர்த்: சிவப்பு ஒயரைப் பேட்டரி பிளஸில் வைத்து, கறுப்பால் எர்த் பின்னைத் தொட்டால் பேட்டரி வோல்ட் முழுதாகத் தெரிய வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், ஒரு நூலிழை ஒயர் மிச்சமிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட் காட்டும். கனெக்டரைத் திரும்ப மாட்டி, எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்தால் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. எர்த்தில் வோல்ட் ஏறி நின்றால் சிக்னலும் அதற்கேற்பக் கூடும், ஈசியூ அதை அழுத்தம் என்று நினைத்துக்கொள்ளும்.

5 வோல்ட் கனெக்டர் கழற்றியபோது இருக்கிறது, மாட்டினால் விழுகிறது என்றால் சென்சர் உள்ளே ஷார்ட், யோசிக்காமல் மாற்றலாம். கழற்றியும் இல்லை என்றால் அதே 5 வோல்ட்டைப் பகிரும் மற்ற சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எதைக் கழற்றினாலும் வரவில்லையா, ஈசியூ வரை ஒயரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

5 வோல்ட் இருக்கிறது, எர்த் நன்றாக இருக்கிறது, கேஜ் 7 பார் சொல்கிறது, சிக்னலில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றிச் சென்சரின் பின்கள் சுத்தமா, சிக்னல் ஒயர் எங்காவது எர்த்தைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு சென்சரைக் குற்றம் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த ஒரு தந்திரம் இருக்கிறது. 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்தடை மாறும் மூன்று கால் பாகம்) ஒன்றை எடுத்து, கழற்றிய கனெக்டரில் இரண்டு ஓரக் கால்களை 5 வோல்ட்டுக்கும் எர்த்துக்கும், நடுக்காலை சிக்னலுக்கும் கொடுத்துவிடுங்கள். திருகைத் திருப்பினால் ஸ்கேனரில் அழுத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். மெதுவாக 1.5 வோல்ட் பக்கம் கொண்டுவந்து ஏசியைப் போட்டால் கம்ப்ரசர் பிடிக்கிறதா? பிடித்தால் ஒயர், ஈசியூ, ரிலே, கிளட்ச் எல்லாம் நல்லது, சென்சர் ஒன்றுதான் பாக்கி. பிடிக்காவிட்டால் பிரச்சனை வேறு இடம், சென்சருக்கு ஆர்டர் போட வேண்டாம். கேஜில் நிஜ அழுத்தம் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே இதைச் செய்யுங்கள், அதுவும் சில விநாடிகள், ஏனென்றால் அந்த நேரத்தில் கம்ப்ரசருக்குக் காவல் இல்லை.

இரண்டு ஒயர் சுவிட்ச் வண்டி என்றால் இவ்வளவு பாடு இல்லை. கேஜில் அழுத்தம் இருக்கும்போது சுவிட்சின் இரண்டு பின்னுக்கும் நடுவே தொடர்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் சுவிட்ச் போய்விட்டது. நான்கு ஒயர் வகையில் ஓய்வு நிலையில் ஒரு ஜோடி மூடியும், ஃபேனுக்கான ஜோடி திறந்தும் இருப்பது வழக்கம்.

அறிகுறி: கொஞ்ச நேரம் குளிர்கிறது, அப்புறம் கட் ஆகிறது

கட் ஆகும் அந்த நொடியில் ஸ்கேனர் என்ன சொல்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிராஃப் போடும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

சாதாரணமாக 30, 35 டிகிரி வெயிலில் ஆர்134ஏ வண்டியின் உயர் அழுத்தப் பக்கம் 13 முதல் 18 பார் வரை ஓடும். வண்டி நிற்கும்போது ஏறும், ஓடும்போது இறங்கும். அழுத்தம் 28, 30 பார் என்று ஏறிப்போய்க் கட் ஆகிறது, கேஜும் அதையே சொல்கிறது என்றால் சென்சர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதற்கு நன்றி சொல்லுங்கள். கண்டன்சருக்குக் காற்று போகவில்லை, அல்லது கேஸ் அளவுக்கு மீறி அடைத்திருக்கிறார்கள், அல்லது குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. உறுதி செய்ய ஒரு எளிய வழி, இன்ஜின் ஓடும்போது கண்டன்சர் மேல் தண்ணீரைப் பூவாளி போலத் தூவுங்கள். அழுத்தம் மளமளவென்று இறங்கி ஏசி திரும்பக் குளிர்ந்தால் சூடு வெளியேறுவதில்தான் சிக்கல். ஃபேன் சுற்றுகிறதா, எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குப்பையும் இலையும் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் சுத்தமாகத் தெரிந்தாலும் நடுவில் கம்பளி விரித்ததுபோல் தூசி படிந்திருக்கும்.

கேஜ் 16 பாரில் நிற்கிறது, ஸ்கேனர் மட்டும் 25, 28 என்று ஏறுகிறது என்றால் அங்கே சென்சர் பொய் சொல்கிறது. ஓய்வு நிலைச் சோதனையில் தேறிவிட்டு, சூடும் அழுத்தமும் ஏறியபின் தப்பாகப் படிக்கும் சென்சர்கள் உண்டு, அதனால்தான் ஓய்வில் ஒரு முறை, ஓட்டத்தில் ஒரு முறை என்று இரண்டு இடத்திலும் ஒப்பிடச் சொல்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், கேஜ் மாட்டும் வாய் கண்டன்சருக்கு முன்னாலும் சென்சர் கண்டன்சருக்குப் பின்னாலும் இருக்கும் வண்டிகளில், ஓடும்போது ஒரு பார் அளவுக்கு வித்தியாசம் இயல்பு. கேஜ் அதிகமாகவும் சென்சர் மிகக் குறைவாகவும் காட்டி, வித்தியாசம் ஏறிக்கொண்டே போனால் சென்சரை விட்டுவிட்டுக் கண்டன்சர் உள்ளே அடைப்பு என்று யோசியுங்கள். ஓய்வில் இரண்டும் ஒன்றாகிவிட்டால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சில விநாடிக்கு ஒருமுறை டக், டக் என்று கிளட்ச் பிடித்து விட்டால் பெரும்பாலும் கேஸ் குறைவு. ஓய்வில் அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள், மேலே சொன்னதுதான்.

அறிகுறி: சாவியைத் திருப்பியதும் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் அலறுகிறது

சென்சர் ஒயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ, பல வண்டிகளில் ஈசியூ எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை முழு வேகத்தில் விட்டுவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்தி வைக்கும். ஆகவே ஃபேன் அலறுவதும் ஏசி வராததும் சேர்ந்து வந்தால் கனெக்டரைப் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலை சென்சர் கெட்டாலும் இதே ஆட்டம்தான், ஸ்கேனரில் அதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறு, ஏசி ஓடுகிறது, ஃபேன் வேகம் எடுக்கவே இல்லை, அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஸ்கேனரில் அழுத்தம் ஏறுவது தெரிந்தும் ஃபேன் சும்மா இருந்தால் ஃபேன் ரிலே, மோட்டார் பக்கம் போங்கள். கேஜ் ஏறியும் ஸ்கேனர் 8 பாரிலேயே உறைந்து நின்றால் சென்சர்தான். இந்த உறைந்த சென்சர் ஆபத்தானது, எரர் கோட் எதுவும் வராமலே இருக்கலாம், ஏனென்றால் 8 பார் என்பது ஈசியூவுக்கு நம்பக்கூடிய எண்.

அறிகுறி: எரர் கோட் அழித்தாலும் திரும்பி வருகிறது

கோட்கள் திசை சொல்லும், அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். பி0530 என்பது சர்க்யூட்டில் ஏதோ கோளாறு என்று பொதுவாகச் சொல்வது. பி0531 என்றால் வோல்ட் வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை. பி0532 சிக்னல் மிகக் குறைவு, பி0533 மிக அதிகம். பி0534 என்றால் கேஸ் குறைந்துவிட்டது என்று ஈசியூ நினைக்கிறது, அதைப் பார்த்துச் சென்சரை மாற்றுவது வீண்.

பி0532 வந்தால் கனெக்டரைக் கழற்றி, 5 வோல்ட் பின்னையும் சிக்னல் பின்னையும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்து ஸ்கேனரைப் பாருங்கள். அழுத்தம் உச்சிக்குத் தாவினால் ஒயரும் ஈசியூவும் நலம், சென்சர்தான். தாவவில்லையா, சிக்னல் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது எங்கோ பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பி0533 வந்தால் அதற்கு எதிர்ப்பக்கம்: சிக்னல் பின்னையும் சென்சர் எர்த் பின்னையும் இணையுங்கள், ஸ்கேனர் அடிமட்டத்துக்கு விழ வேண்டும். விழாமல் உச்சியிலேயே நின்றால் ஒயரில் வேறெங்கோ வோல்ட் ஏறுகிறது, அல்லது சிக்னல் ஒயரோ எர்த் ஒயரோ அறுந்திருக்கிறது. எந்தப் பின் எது என்று படத்தில் உறுதி செய்யாமல் இந்தப் பத்தியில் உள்ள எதையும் தொடாதீர்கள்.

அறிகுறி: சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இல்லை

எல்லோருக்கும் எரிச்சல் தருவது இதுதான், மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வண்டி சமர்த்தாக வேலை செய்யும். மழை பெய்த மறுநாள் வருகிறதா, குண்டும் குழியுமான சாலையில் வருகிறதா, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு வருகிறதா என்று குறித்து வையுங்கள். ஸ்கேனரில் அழுத்தத்தைக் கிராஃபாக ஓடவிட்டு, இன்னொருவரைச் சென்சரின் ஒயரை லேசாக இழுத்தும் வளைத்தும் ஆட்டச் சொல்லுங்கள். அழுத்தம் ஒரு நொடியில் 7லிருந்து பூஜ்யத்துக்கு விழுந்து திரும்ப ஏறினால், குழாய்க்குள் இருக்கும் கேஸ் அப்படிக் குதிக்க வாய்ப்பே இல்லை, அது ஒயர்தான்.

கனெக்டரைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? அது ஏசி ஆயில் என்றால் சென்சரின் உடல் வழியாகவே கேஸ் கசிந்து கனெக்டருக்குள் வருகிறது என்று பொருள். மீட்டர் எதுவும் வேண்டாம், சென்சரை மாற்றிவிட்டுக் கனெக்டரைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவுங்கள். இப்படி வருஷக்கணக்கில் கேஸ் குறைந்துகொண்டே வந்து, எங்கே கசிகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாத வண்டிகள் நிறைய.

பெண் பின்களின் பிடிப்பையும் பாருங்கள். அதே அளவு ஆண் பின் ஒன்றைச் செருகி இழுத்தால் கொஞ்சம் இறுக்கம் தெரிய வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின் தளர்ந்துவிட்டது. மீட்டரின் தடித்த முனையைச் செருகிச் செருகியே பலர் நல்ல பின்னைத் தளர்த்திவிடுகிறார்கள், சோதனையே நோயாகிவிடும்.

அறிகுறி: சென்சர் மாற்றியும் அதே கதை

மரையும் கனெக்டரும் பொருந்துகிறது என்பதற்காக அது உங்கள் வண்டியின் சென்சர் ஆகிவிடாது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், உள்ளே அளவுக்கோல் வேறாக இருக்கும். போட்டதும் ஓய்வு நிலைச் சோதனையை மறுபடி செய்யுங்கள், இந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். புதுச் சென்சரும் பழைய சென்சரும் ஒரே தப்பைச் சொன்னால், தப்பு இரண்டிலும் இல்லை.

கடைசியில் மாற்றத்தான் வேண்டும் என்றால்

பல வண்டிகளில் சென்சருக்கு அடியில், டயர் டியூபில் இருப்பது மாதிரி ஒரு ஊசி வால்வு இருக்கும், கேஸை வெளியேற்றாமலே சென்சரைக் கழற்றலாம். எல்லா வண்டியிலும் இல்லை. இருக்கிறது என்று மேனுவலில் உறுதியாகத் தெரியாமல் ஸ்பானரைத் திருப்பாதீர்கள், முழு கேஸும் முகத்தில் அடிக்கும். வால்வு இல்லாத வண்டி என்றால் மெஷினில் கேஸை மீட்டெடுத்து, சென்சர் போட்டு, வாக்கம் வைத்து, எடை பார்த்து நிரப்ப வேண்டும். காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

வால்வு உள்ள வண்டியில் திருப்பும்போது முதலில் லேசாக உஸ் என்று ஒரு சத்தம் வரும், இடையில் மாட்டியிருந்த கேஸ் அது, பிறகு நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் உடனே திரும்ப இறுக்கிவிடுங்கள், வால்வே கெட்டிருக்கிறது. குழாய் அலுமினியம், ஆகவே குழாயின் அறுகோணத்தில் இன்னொரு ஸ்பானர் பிடித்துக்கொண்டுதான் சென்சரைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் குழாயே முறுக்கிக்கொள்ளும். பழைய ஓரிங்கை (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மறுபடி போடாதீர்கள், புதிதில் ஏசி ஆயிலை ஒரு சொட்டுத் தடவுங்கள். இன்ஜின் ஆயிலோ கிரீஸோ கூடாது. எலெக்ட்ரிக் கம்ப்ரசர் வண்டியில் அந்த ஒரு சொட்டுக்கூட அதற்குரிய ஆயிலாகத்தான் இருக்க வேண்டும், பேக் எனப்படும் சாதாரண ஏசி ஆயில் உள்ளே போனால் மின் காப்பு கெடும்.

இறுக்கியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள், கோட்டை அழியுங்கள், சாவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பிறகு கேஜையும் ஸ்கேனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏசியை ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு, இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறி, ஃபேன் வேகம் எடுத்ததும் சேர்ந்தே இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பானெட்டை மூடுங்கள்.